மீதி ஆறு ஜிபி

— தொண்ணூத்தி ஏழு சதவீதம். இன்னும் ஒண்ணுமே திறக்கல, அதுக்குள்ள மெமரி தொண்ணூத்தி ஏழு. என்ன மீரிம், இதுக்கு என்னத்தைத் தின்னக் குடுக்கறீங்க அங்க?

— நீங்கதானே அப்பா போன மாசம் பார்த்து, இனி குதிரையா ஓடும்னு சொல்லிக் குடுத்தீங்க.

— ஓடிச்சே. இதே மேசை மேல ஓடிச்சு. நீயும்தானே பார்த்த.

— இந்த மேசை மேல எப்பவும்தான் ஓடுது. கணவாயைத் தாண்டி அத்-பாஷியில அவங்க வீட்ல திறந்தா படுத்துக்குது.

— சரி, படிப்படியா போவோம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவன் நான். மொதல்ல நோயாளியோட கதையைக் கேக்கணும், அப்புறம்தான் மருந்து. எப்பலேர்ந்து இப்படி?

— இங்கேர்ந்து போன மறுநாள் காலையிலேர்ந்து. எப்பவும் போல.

— ம். தேநீர் ஆறுது பாரு. போர்சோக் ரொட்டியை எடுத்து பாலாடையில தொட்டுச் சாப்பிடு. பக்கத்து வீட்டு அக்கா இன்னைக்குக் காலையில பொரிச்சது. நீ வரேன்னு சொன்னேன், அதான்.

— சாப்பிடறேன். நீங்க பாருங்க.

— வண்டியில உக்காந்திருக்கிற பெரியவரையும் உள்ள கூப்பிடும்மா. வாசல் வரைக்கும் வந்தவரை வெளியிலயே விடறது நல்லா இல்ல.

— கூப்பிட்டேன். எஞ்சினை அணைச்சா திரும்ப உசுரு வராதாம். நாலு மணிக்குள்ள கணவாயைத் தாண்டணுமாம், பனி வருதாம். ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காரு. அவரு வராததே நல்லது.

— இதுல ரெண்டாவதா ஒரு பேரு இருக்கே, உள்ள நுழையற இடத்துல. யாரு இது?

— அவருதான்.

— எவரு?

— வண்டியில இருக்காரே, அவரு.

— பேரைச் சொன்னா என்ன, வாயில புண்ணு வந்துடுமா?

— புருஷனோட அண்ணன் பேரை மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினது நீங்க. மூணு வருஷமா சொல்லல. திரையில இருக்கு, நீங்களே படிச்சுக்கோங்க.

— படிச்சுட்டேன், படிச்சுட்டேன். இவரு என்ன பண்றாரு உன் மிஷின்ல?

— டாங்கி ஓட்டற விளையாட்டு. நாப்பத்தி மூணு வயசு. ஞாயித்துக்கிழமை நான் சாணி அள்ளப் போனா அவரு போர் பண்ண உக்காருவாரு.

— இதோ அகப்பட்டான் திருடன். மிஷின் எழும்போதே இந்த விளையாட்டும் கூடவே எழுந்துக்குது. இதை நிறுத்தறேன். பாரு, இப்ப எவ்வளவு?

— தொண்ணூத்தி அஞ்சு.

— ரெண்டு கொறைஞ்சுது. பொறுமை. வைரஸ் தடுக்கறது ரெண்டு இருக்கா? மே மாசத்துல ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு.

— ஒண்ணுதான். இன்னொண்ணை அப்பவே நீங்க எடுத்துட்டீங்க.

— பிரவுசர்?

— மூடித்தான் கொண்டாந்தேன். தானா எழுந்துக்கறது எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. குப்பையெல்லாம் கூட்டியாச்சு. நீங்க கேக்கப்போற எல்லாத்தையும் செஞ்சுட்டுத்தான் வந்தேன் அப்பா.

— அப்ப உன் மாமியாரோட சீரியல்?

— அது தினமும் ரெண்டு மணிக்கு. துருக்கி சீரியல். மாட்டுத் தண்ணி, மதியச் சாப்பாடு எல்லாம் முடிச்சுட்டு நான் பக்கத்துல உக்காந்து தேநீர் ஊத்தணும். கதாநாயகி அழுதா அவங்களும் அழுவாங்க. எனக்கு அழுகை வராட்டி, கல்நெஞ்சுக்காரிம்பாங்க.

— வயசானவங்க, வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு. பார்த்துட்டுப் போறாங்க.

— பார்க்கட்டும். நான் வேணாம்னு சொல்லலையே. அந்தச் சீரியல் நின்னு நின்னு வந்தாத்தான் அவங்க வாயிலேர்ந்து வார்த்தை வரும், சரி போ, உங்கப்பன்கிட்ட காட்டிட்டு வான்னு. சீரியல் ஒழுங்கா ஓடிச்சுன்னா எனக்கு அப்பன் வீடு கிடையாது.

— அப்படிப் பேசாதே. நல்ல குடும்பம். உன்னை யாரும் அடிக்கலையே.

— அடிக்கல. மருமக பொறந்த வீட்டுக்குப் போகணும்னா அவங்க கணக்குல ரெண்டே காரணம்தான். கல்யாணம், சாவு. உங்க வீட்ல கல்யாணம் பண்ணிக்க ஆளு இல்ல. சாவு அம்மாவோட முடிஞ்சுது. மிச்சம் இந்த லேப்டாப்தான்.

— உங்கம்மா பேச்சை எதுக்கு இழுக்கற?

— இழுக்கல. காரணத்தைச் சொன்னேன்.

— ஐடானாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல. ரெண்டு வயசாகப் போகுது, தாத்தா மூஞ்சி தெரிய வேணாமா அதுக்கு? ஏழு தடவை வந்துட்ட, ஒரு தடவை கூடக் குழந்தை வரல.

— விடமாட்டாங்க. நான் திரும்பி வரணும்ல.

— என்னமோ குழந்தையை அடமானம் வெச்ச மாதிரி பேசற.

— அந்த வார்த்தையைச் சொன்னது நீங்க.

— இரு, இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பார்க்கறேன். எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு.

— பட்டியலை விடுங்க அப்பா. பக்கத்துல ஒரு பக்கம் இருக்கு பாருங்க, மெமரின்னு போட்டிருக்கும். அதைத் திறங்க.

— அதுல வெறும் கோடுதான் ஓடும். அதுல என்ன தெரியப்போகுது?

— திறங்க. இதுல மொத்தம் எவ்வளவு மெமரி?

— எட்டு ஜிபி. என்னைக் கேக்கறியா? நீ பிஷ்கெக்ல படிக்கப் போறப்ப நானே நாலு நாலா ரெண்டு தகடு வாங்கி என் கையால மாட்டினேன். விடுதியில எல்லாப் பொண்ணுங்களும் உன் மிஷினைத்தான் கடன் கேட்டாங்கன்னு நீயே சொன்ன.

— எட்டுன்னு நீங்க சொல்றீங்க. அது என்ன சொல்லுது?

— கண்ணாடி எங்க வெச்சேன்?

— நெத்தியில.

— ம். ரெண்டுன்னு போட்டிருக்கு.

— மீதி ஆறு ஜிபி எங்கப்பா?

— வழியில குலுங்கியிருக்கும். அந்தக் கணவாய் ரோடு ரோடா அது? தகடு தளர்ந்து போச்சு. கழட்டி, தொடைச்சு, அழுத்தி மாட்டினா சரியாயிடும். திருப்புளி எடுத்துட்டு வரேன்.

— உக்காருங்க. ஒரு தகடு தளர்ந்தா நாலு போகும். ரெண்டும் தளர்ந்தா மிஷினே எழுந்துக்காது. ஆறு எப்படிப் போகும்? கணக்குப் போடுங்க வாத்தியாரே.

— நீ படிச்சது எதையும் மறக்கல போல.

— பால் கறக்கறதுக்கு எதையும் மறக்க வேண்டியதில்ல.

— போன் அடிக்குது பாரு. யாரு?

— வேற யாரு. அத்தைதான்.

— ஸ்பீக்கர்ல போடு. நானும் ஒரு வார்த்தை மரியாதையா விசாரிக்கணும். வணக்கம் சம்பந்தியம்மா, ஓரோஸ்பெக் பேசறேன். சுகமா இருக்கீங்களா? ஆடு மாடெல்லாம் சுகமா? முட்டி வலி தேவலையா?

— இருக்கேன் சம்பந்தி, கடவுள் புண்ணியத்துல. நான் ஒண்ணும் சொல்லல, கேக்கத்தான் கூப்பிட்டேன். மிஷின் எழுந்துச்சா?

— பார்த்துக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும்.

— முடிஞ்சா நல்லதுதான். நேத்து சீரியல்ல அந்தப் பொண்ணுக்குத் தீர்ப்பு சொல்ற நேரம், படம் அப்படியே நின்னுடுச்சு. நீதிபதி வாயைத் திறந்தவரு மூடவே இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மாசாமாசம் இப்படி எடுத்துக்கிட்டு ஓடினா அக்கம்பக்கம் என்ன நினைக்கும், சொல்லுங்க. ஒண்ணு மிஷின் கெட்டது, இல்ல மருமக கெட்டதும்பாங்க.

— அப்படியெல்லாம் இல்ல சம்பந்தியம்மா.

— எனக்குத் தெரியும் சம்பந்தி, நான் சொல்லல, ஊரு சொல்லும். மருமகளே, கேக்குதா?

— கேக்குது அத்தை.

— குழந்தை தேடல. நீ ஒண்ணும் கவலைப்படாதே. காலையிலேர்ந்து என்னைத்தான் அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே சுத்துது. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்னு நினைக்காதே, அதுவா சொல்லுது. வரும்போது உங்கப்பா குடுத்தா ரெண்டு கிலோ அரிசி வாங்கிட்டு வா, உங்க நாரின் சந்தையில அரிசி நல்லா இருக்கும். கேக்கணும்னு இல்ல, குடுத்தா.

— சரி அத்தை.

— பெரியவனைச் சாப்பிடச் சொன்னீங்களா?

— கூப்பிட்டோம், வண்டியை விட்டு எறங்க மாட்டேங்கறாரு.

— அவன் கூச்சப்படுவான். சரி, நாலு மணிக்கு முன்னாடி கணவாயைத் தாண்டிடுங்க. வெச்சுடறேன்.

— வெச்சுட்டாங்களா?

— வெச்சுட்டாங்க.

— குழந்தைங்க அப்படித்தான் மீரிம். யாரைப் பார்த்தாலும் அம்மாங்கும். மனசுல வெச்சுக்காதே.

— தொடங்கற செட்டிங்ஸைத் திறங்க அப்பா.

— எதுக்கு?

— பூட்ங்கற பக்கம். அதுக்குள்ள கூடுதல் அமைப்புன்னு ஒண்ணு இருக்கும். நான் சொல்லணுமா, உங்க விரலுக்கே தெரியுமே.

— திறந்துட்டேன்.

— படிங்க.

— அதிகபட்ச மெமரின்னு ஒரு கட்டம்.

— கட்டத்துல என்ன?

— ஒரு டிக். பக்கத்துல ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு.

— ரெண்டு ஜிபிக்கு மேல தொடாதேன்னு உத்தரவு. இந்த வீட்ல ஒரு மனுசன், எங்க வீட்ல பத்து பேரு. பெரியவருக்கு டாங்கியைத் திருப்பத் தெரியும், இது தெரியாது. அத்தைக்குச் சீரியலைத் திறந்து குடுக்கவே நான் வேணும். என் புருஷன் மாஸ்கோவுல டாக்சி ஓட்டறாரு, இந்த மிஷினைப் பார்த்தே ஒண்ணரை வருஷமாச்சு. யாரு போட்டிருப்பாங்க இந்த டிக்கை?

— தேநீரைச் சூடு பண்ணிட்டு வரட்டுமா?

— வேணாம்.

— நான்தான்.

— தெரியும்.

— நீ வாசல்ல உக்காந்து ஷூ மாட்டுவ பாரு, அந்த நேரத்துல. ஒரு நிமிஷ வேலை. போட்டாலும் உடனே தெரியாது. அடுத்த தடவை அணைச்சுத் திறக்கறப்பத்தான் பிடிக்கும். நீ இங்கேர்ந்து சந்தோஷமா எடுத்துட்டுப் போவ, அங்க போனதும் நிக்கும்.

— நான் இங்கேர்ந்து சந்தோஷமாப் போனேன்னா நினைச்சீங்க?

— மிஷினைச் சொன்னேன். எப்பக் கண்டுபிடிச்ச?

— கண்டுபிடிச்சேன்ல. அது போதும்.

— கோவிச்சுக்காதே. சொல்றதைக் கேளு. உங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்ல பேச்சே இல்ல. பள்ளிக்கூடத்துலயும் அனுப்பிட்டாங்க. காலையில ரொட்டியை எடுத்து வெச்சுட்டு யாருக்கு வெட்டறதுன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உனக்குப் போன் பண்ணினா, வேலை இருக்கு அப்பான்னு வெச்சுடற. பின்னாலேயே அவங்க நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? வாடின்னு கூப்பிட எனக்கு வாயில்ல. பொண்ணைக் குடுத்தவன் கூப்பிட்டா, வளர்ப்பு சரியில்ல, இன்னும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு சொல்லுவாங்க. அதான், நான் கூப்பிடாம மிஷின் கூப்பிடற மாதிரி பண்ணினேன்.

— நல்ல யோசனை.

— நல்ல யோசனைதானே? மாசம் ஒரு தடவை உன் மூஞ்சியைப் பார்த்தேன். ஏழு தடவை. நீயும் ரெண்டு மணி நேரம் உக்காந்து சூடா எதையாவது சாப்பிட்ட. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு. கொஞ்சம் மெதுவா ஓடிச்சு, அவ்வளவுதானே.

— என் போனைப் பிடிங்க. செவ்வாய்க்கிழமை வந்த கடிதம், ரஷ்யன்ல இருக்கு. சத்தமாப் படிங்க.

— மதிப்பிற்குரிய ஓரோஸ்பெக் மகள் மீரிம் அவர்களுக்கு. யாரு இவங்க, அந்தக் கார்ட்டூன் கம்பெனியா? கிர்கிஸ்ல வசனம் எழுதிப் போடறியே, அவங்களா?

— அவங்கதான். படிங்க.

— உங்கள் வசனங்கள் எங்கள் குழுவிலேயே மிக நல்லவை. குழந்தைகள் பேசுவதுபோலவே இருக்கின்றன. பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்.

— கீழ.

— ஆனால் தகுதிக் காலத்தில் நீங்கள் அனுப்பிய பதினொரு கோப்புகளில் ஐந்து தாமதமாக வந்தன. இரண்டு பாதியில் நின்றுபோயின. ஆகவே வருத்தத்துடன், நிரந்தரப் பணியிடத்தை வேறொருவருக்கு வழங்கியிருக்கிறோம். தங்கும் அறைக்கான ஒதுக்கீடும் இத்துடன். இது என்ன மீரிம், என்ன அறை?

— பிஷ்கெக்ல. கம்பெனிக்குப் பின்னாலேயே ஒரு கட்டடம், ஆபீசுக்கு வர்றவங்களுக்கு ஒரு அறை குடுக்கறாங்க. ஜன்னலுக்குக் கீழ பாலர் பள்ளி. போட்டோ அனுப்பியிருந்தாங்க. ஜனவரியிலேர்ந்து.

— உனக்கா?

— எனக்கும் ஐடானாவுக்கும்.

— மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

— தெரியாது. யாருக்கும் தெரியாது. படத்தைத் திறந்தா வசனம் திறக்காது, வசனத்தைத் திறந்தா படம் நிக்கும். ஒரு வரியைப் போட்டுட்டு அது வாயசைவோட பொருந்துதான்னு பார்க்க நாலு நிமிஷம். மாட்டைக் கறந்துட்டு வந்து உக்காந்தா, நான் ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள அடுத்த கறவை வந்துடும். ரெண்டு ஜிபியில ஏழு மாசம் கார்ட்டூனுக்கு வாய் குடுத்தேன் அப்பா.

— எனக்குத் தெரியாதே. அறை இருக்கு, வேலை நிரந்தரமாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தக் கையாலயா...

— சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— டிக்கை எடுத்திருப்பேன்.

— எடுத்துட்டு?

— எடுத்துட்டு என்ன?

— அத்தைக்குப் போன் பண்ணியிருப்பீங்க. சம்பந்தியம்மா, பொண்ணு இப்படி ஒரு நெனப்புல இருக்கா, கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னு.

— பண்ணமாட்டேன்.

— பண்ணினீங்களே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே நவம்பர்ல, வயித்துல ஏழு மாசம், ஒரு பையோட இந்த வாசல்ல வந்து நின்னேன். ஷூவைக் கூடக் கழட்டவிடல நீங்க. விழுந்த இடத்துலதான் கல்லு கனக்கும், பொண்ணுக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டு, உள்ள போய் அவங்களுக்குப் போன் பண்ணிட்டு வந்தீங்க. இதே பெரியவருதான் வந்து ஏத்திட்டுப் போனாரு. வழியெல்லாம் ரேடியோ கேட்டுக்கிட்டே வந்தாரு.

— அன்னைக்கு நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்? இந்த ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட படிச்சவங்க. வாத்தியார் பொண்ணு ஒரு வருஷம் கூடத் தாங்காம ஓடியாந்துட்டான்னு சந்தையில பேசினா நான் எந்தத் தெருவுல நடப்பேன்?

— அதான் நடந்தீங்களே. நல்லா தலை நிமிர்ந்து நடந்தீங்க. நான் மாட்டுக் கொட்டாய்க்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

— நிச்சயத் தோடு போட அவங்க வந்தப்ப நீ வேணாம்னு சொல்லலையே.

— நான் லீவுக்கு வந்திருந்தேன். கடைசி வருஷம். ஜன்னல்கிட்ட உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தவ காதைப் பிடிச்சு அவங்க தோட்டை மாட்டினப்ப, நான் உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன். நீங்க குனிஞ்சு தேநீர் ஊத்திக்கிட்டு இருந்தீங்க.

— தப்புதான்.

— எது?

— எல்லாம்தான். விடு இப்ப. நடந்ததைப் பேசி என்ன? கம்பெனிக்கு நான் எழுதறேன். இவ மேல குத்தமில்ல, இவளோட அப்பன் முட்டாள், மிஷினை அவன்தான் கெடுத்தான்னு என் கையெழுத்துல எழுதறேன். ரஷ்யன் எனக்கு நல்லா வரும்.

— ஆளு எடுத்தாச்சுப்பா. ஒஷ்லேர்ந்து ஒரு பொண்ணு. அறைச் சாவி கூடக் குடுத்திருப்பாங்க.

— வேற கம்பெனி இருக்கும். நீ மட்டும் மொதல்ல போய் ஒரு இடத்துல நின்னுக்கோ, பின்னால...

— நான் மட்டும் போலாம். எந்த பஸ்ல வேணா ஏறலாம். குழந்தை? அது அவங்க வம்சம், அவங்க வீட்டுக் குழந்தை. ஓடிப்போனவளுக்குக் குழந்தையைக் குடுத்தாங்கன்னு எங்கயாவது கேட்டிருக்கீங்களா? பொண்ணோட அப்பன் நேர்ல போய், நாலு பெரியவங்களை உக்கார வெச்சு, என் பொண்ணையும் பேத்தியையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா குடுப்பாங்க. மனசில்லாமக் குடுப்பாங்க. ஆனா குடுப்பாங்க. அத்-பாஷியிலேயே ரெண்டு வீட்ல அப்படிக் குடுத்திருக்காங்க. அதுக்கு அப்பன் வேணும். அறை இருந்தாலும் வேணும், இல்லாட்டியும் வேணும்.

— ம்.

— என்ன ம்?

— டிக்கை எடுக்கறேன். எடுத்துட்டேன். அணைச்சுத் திறக்கறேன், பாரு.

— பார்க்கறேன்.

— ஒன்பது, பத்து, பதினொண்ணு. வந்துடுச்சு. பதினோரு செகண்டு. இருபத்தி மூணு சதவீதம். எட்டு ஜிபியும் இருக்கு. உன் வசனத்தைத் திறக்கறேன், படத்தையும் திறக்கறேன். ரெண்டும் ஓடுது பாரு. இந்த நரிக்குட்டி பேசறது நீ எழுதினதா?

— நான் எழுதினதுதான்.

— நல்லா பேசுது.

— ஆமா.

— ஹாரன் அடிக்கறாரு.

— கேக்குது. மணி மூணேகால். கெளம்பணும்.

— அரிசி எடுத்து வைக்கறேன். ரெண்டு கிலோ இருக்கு. பாலாடையும் ஒரு ஜாடியில குடுத்துடறேன், குழந்தை தொட்டுத் திங்கட்டும்.

— குடுங்க.

— அடுத்த மாசம் எப்ப வருவ?

— எப்படி வருவேன்? வேலை இல்லைங்கறதை எத்தனை நாளைக்கு மறைக்கறது? அவங்க வீட்ல லேப்டாப்புக்கு இருந்த மரியாதையெல்லாம் அதுல சம்பளம் வந்ததாலதான். இனி அது சீரியல் பொட்டி. இப்ப அதுவும் ஒழுங்கா ஓடும்.

— அப்ப இதுதான் கடைசியா?

— யாராவது செத்தா வருவேன்.

— அப்படிச் சொல்லாதே. மூடாதே, இரு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளு. வேலை போனது அவங்களுக்குத் தெரிய வேணாம். நீ எழுதற மாதிரியே உக்காந்திரு. நான் அந்த டிக்கை மறுபடி போட்டு விட்டுடறேன். இந்தத் தடவை ஒரு ஜிபி வைக்கறேன். சீரியல் நகரவே நகராது, மாசத்துக்கு ரெண்டு தடவை கூட அனுப்புவாங்க. போடட்டுமா மீரிம்? சொல்லு, ஹாரன் அடிக்கறாரு, போடட்டுமா?

— நீங்க மொத மொதல்ல போட்டப்பவே பார்த்துட்டேன் அப்பா, ஏப்ரல் மாசம், அங்க போய்த் திறந்த அன்னைக்கே. எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, ஆனா நான் எடுக்கல, ஏன்னா பொண்ணு வரணும்னு இவ்வளவு திருட்டுத்தனம் பண்ற மனுசன், வந்து நிக்கறவளைப் பார்த்து என்னைக்காவது ஒரு நாள் "போகாதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்துடுவாருன்னு, வேலை கையை விட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே ஏழு தடவை வந்தேன்.